கணினியோடு வந்ததா, நம் கையோடு வந்ததா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து நம் புதுவையில் என் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால், சர்க்கரை அளவு, ஓய்வூதிய நிலுவை இரண்டோடு மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. "பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா? புது விண்டோஸ் எங்கே வாங்கறது? எவ்வளவு ஆகும்?" பிள்ளைகள் பாரிசிலும் பெங்களூரிலும் இருக்க, வாழ்வுச் சான்று, வங்கிக் கணக்கு, பேரக் குழந்தையின் முகம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருப்பதால் இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ள முடியாது.

கடைக்குப் போனால் ஒரே விண்டோஸுக்கு மூன்று விலை சொல்கிறார்கள். லேப்டாப்போடு சேர்ந்து வருவது ஒன்று. அதற்குத் தனி விலையே தெரியாது. தனியாக வாங்குவது ஒன்று. அதன் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு வாங்கும். மூன்றாவதாக, "சார், சில நூறு ரூபாய்க்கு கீ இருக்கு, போட்டுத் தரேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லும் ஒன்று. திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அப்படியானால் விலை ஏன் மாறுகிறது? அந்தந்த விலைக்கு நாம் வாங்கும் உரிமை வேறு வேறு என்பதுதான் காரணம். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்ற வரலாறு தெரிந்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அரசு வேலையில் இருந்தபோது, பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஏதாவது வந்தால் கோப்பு சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வரும். நோத்தேர் எழுதிய அந்தப் பத்திரங்களில் சொத்துரிமையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒரு பொருளைப் பயன்படுத்துவது ஓர் உரிமை. அதன் பலனை அனுபவிப்பது இரண்டாவது. அதை விற்கவோ அழிக்கவோ செய்வது மூன்றாவது. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டு, ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெற்றோர் நம்மூரில் எத்தனை பேர்! அதற்கு 'உசுஃப்ருய்' என்று பெயர். பத்திரத்தில் வீடு மகனுடையது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அப்பா. இதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பதும் அதற்குச் சொந்தக்காரராக இருப்பதும் வேறு வேறு என்பதைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 524ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அசையும் பொருளாக இருந்தும், நிலத்தின் பயன்பாட்டுக்காக உடைமையாளர் அங்கே வைத்ததால் அசையாச் சொத்தாகக் கருதப்படும் பொருள்களின் பட்டியல் அது. உழவுக் கருவிகள், தேன்கூடுகள், குளத்து மீன்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் புறாக்கூண்டில் உள்ள புறாக்களும் உண்டு. பறக்கிற புறா அசையாச் சொத்தா என்று வகுப்பில் சிரித்திருக்கிறோம். நிலத்தை விற்றால் கூண்டும் போகும். கூண்டோடு புறாவும் போகும். "நிலம் உனக்கு, புறா எனக்கு" என்று பிறகு சொல்ல முடியாது என்பதுதான் கருத்து. அந்தப் பிரிவில் நிலத்தை நடத்திப் பயன்கொள்வதற்கு 'எக்ஸ்ப்ளுவாத்தசியோன்' என்ற சொல் வருகிறது. கணினியின் இயங்குதளத்துக்கு பிரெஞ்சில் 'சிஸ்தெம் தெக்ஸ்ப்ளுவாத்தசியோன்' என்று பெயர். சொல் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் லேப்டாப்போடு வரும் விண்டோஸின் நிலை அந்தப் புறாவின் நிலையேதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தனி விலை இல்லாத காலம்

1960களில் கணினி என்றால் ஐ.பி.எம். அறை நிறைய இயந்திரம். அதை வாடகைக்கு எடுத்தவருக்கு நிரல்களும், ஆலோசனையும், பயிற்சியும் சேர்ந்தே வரும். நிரலுக்கென்று தனி விலை கிடையாது. 1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். நிறுவனம் இனி இவற்றில் பலவற்றைப் பிரித்து விற்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்க அரசு ஏகபோகத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். நிரல் என்பது தனியாக விலைபோகும் சரக்கு என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பிரித்து விற்கத் தொடங்கிய அந்த நாளிலும் இயந்திரத்தை இயக்கும் அடிப்படை நிரலை அவர்கள் பிரிக்கவில்லை. அது இயந்திரத்தோடேயே போயிற்று.

அதே 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். பெல் கூடத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்டு டி., 1956இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைபேசித் தொழிலைத் தாண்டி வியாபாரம் செய்ய முடியாது. அதனால் யூனிக்ஸைக் கடைச்சரக்காக விற்காமல், பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கு உரிமமாகக் கொடுத்தது. 1984இல் அந்த நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யூனிக்ஸ் வியாபாரச் சரக்காயிற்று. நிரல் மாறவில்லை, உரிமத்தின் வாசகம் மாறியது. நேற்றுவரை மாணவர்கள் தாராளமாகப் புழங்கிய பொருளுக்கு இன்று வேலி. இந்த இடத்தை மறக்க வேண்டாம்; பின்னால் வரும் இலவச இயங்குதளங்களின் கதைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

வாங்கியது முழு உரிமை, விற்றது பயன்பாட்டு உரிமை

1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாங்கள் எழுதிய பேசிக் நிரலைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் நகலெடுத்தவர்கள் என்றும், அது திருட்டு என்றும் அதில் சாடியிருந்தார். நாடாவில் உள்ளதை நகலெடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு அது புதுப் பேச்சாக இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஐ.பி.எம். தன் சிறிய கணினிக்கு ஓர் இயங்குதளம் தேடியது. மைக்ரோசாஃப்ட் அதை முதலிலிருந்து எழுதவில்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த ஒன்றை, 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையோடு வாங்கியது. ஆனால் ஐ.பி.எம்.முக்கு விற்றபோது முழு உரிமையைக் கொடுக்கவில்லை. பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் கொடுத்து, மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நம்மூர்ப் பத்திர மொழியில் சொன்னால், சொத்தைக் கிரயத்துக்கு வாங்கி, கதவு கதவாக வாடகைக்கு விட்டது. கணினி வரலாற்றின் பெரும் செல்வம் அந்த ஒரு வாசகத்தில் அடங்கியிருந்தது.

1981 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இயங்குதளம் தானாக வரவில்லை. வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.சி. டாஸ் 40 டாலர். அதன் போட்டியாளரான சி.பி./எம்-86 சில மாதம் கழித்து 240 டாலருக்கு வந்தது. மக்கள் எதை எடுத்திருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. நம் புறாக்கூண்டுக்கு நேரடித் தொடர்புள்ளது. டாஸை விற்ற அந்தச் சியாட்டில் நிறுவனம் ஒரு சிறு உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தது: தான் விற்கும் இயந்திரங்களோடு டாஸைக் காசு கட்டாமல் சேர்த்துக் கொடுக்கலாம். தொழில் நொடித்தபோது அந்த உரிமையே அதற்குப் பெரிய சொத்தாகத் தோன்றியது. ஒரு மலிவான சில்லை விற்று, அதோடு டாஸையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் 'இயந்திரத்தோடு' விற்றதாகாதா? வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1986இல் மைக்ரோசாஃப்ட் 9,25,000 டாலர் கொடுத்து அந்த உரிமையைத் திரும்ப வாங்கி முடித்துக்கொண்டது. முழுச் சொத்துக்குக் கொடுத்தது 50,000. விட்டுவைத்த ஒரு வரிக்குக் கொடுத்தது அதைப்போல் பதினெட்டு மடங்குக்கு மேல். 'இயந்திரத்தோடு' என்ற ஒரு சொல்லின் விலை அது.

பிறகு தயாரிப்பாளர்களிடம் ஒரு புது வகை ஒப்பந்தம் பரவியது. டாஸ் போட்டு விற்றாலும் போடாமல் விற்றாலும், வெளியே போகும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு. வேறு இயங்குதளம் கேட்கும் வாடிக்கையாளருக்காகத் தயாரிப்பாளர் இரண்டு பேருக்குக் காசு கட்ட வேண்டிவரும். ஆகவே கேட்காதே, கொடுக்காதே என்றாயிற்று. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குள் 'கணினி என்றால் அதற்குள் அது இருக்கும்' என்ற பழக்கம் உலகத்தில் ஊன்றிவிட்டது. லேப்டாப்போடு வரும் விண்டோஸுக்கு விலை என்ன என்று இன்றைக்கும் நாம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இது.

இருப்புப் பதிவேட்டில் ஒரு பத்தி

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் கீழ் 1984இல் சேர்த்தார்கள். 1994இல் திருத்தம் வந்து 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாளுக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டுவரை நீளலாம் என்று சொல்கிறது. அதோடு 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். விற்பவர் மட்டுமல்ல, பயன்படுத்துபவரும் பொறுப்பு.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பிரிவுக்கு ஐந்து கணினிகள் வந்தன. விலைப்புள்ளியில் 'விண்டோஸ் 95 உடன்' என்று இருந்தது. பெட்டிகளைப் பிரித்தால் இயந்திரம் இருக்கிறது, திரையில் விண்டோஸும் ஓடுகிறது. சான்றிதழோ கையேடோ ஒன்றுகூட இல்லை. கொள்முதல் கோப்பு என்னிடம் இருந்தது. கொண்டுவந்த நிறுவனத்தின் ஆள், "சார், அதெல்லாம் உள்ளேயே இருக்கு சார்" என்றார். "உள்ளே இருக்கட்டும் தம்பி, தணிக்கைக்காரர் வந்தால் நான் எதைக் காட்டுவேன்?" என்று கேட்டேன். மேசைக்கும் நாற்காலிக்கும் இருப்புப் பதிவேட்டில் பத்தி உண்டு. உரிமத்துக்குப் பத்தி இல்லை. நானே ஒரு கோடு போட்டுப் பத்தி உண்டாக்கி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சான்றிதழ் வராமல் பணம் விடுவிக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கண்காணிப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஐந்து சான்றிதழ்களும் வந்தன.

அந்த இயந்திரங்கள் கழிக்கப்பட்டு ஏலத்துக்குப் போனபோதுதான் அடுத்த கேள்வி எழுந்தது. "மிஷின் போகட்டும், அந்தச் சான்றிதழை எடுத்துப் புது மிஷினுக்கு வெச்சுக்கலாமே?" என்றார் ஒரு அதிகாரி. அரசுப் பணத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான். ஆனால் உரிமத் தாளின் சிறிய எழுத்தைப் படித்தால், இந்த மென்பொருளை வேறொருவருக்கு மாற்றுவதானால் இந்தக் கணினியோடு சேர்த்துத்தான் மாற்றலாம் என்று இருந்தது. சான்றிதழ்களையும் ஏலம் எடுத்தவரிடமே கொடுத்தோம். புறாக்கூண்டை எனக்கு நினைவூட்டியது அந்த ஏலம்தான்.

மூன்று வகை

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். ஹோம், ப்ரோ என்று கடைக்காரர் சொல்வது வசதிகளின் வகை. அது வேறு. உரிமத்தின் வகை என்பது தனி. அதில் மூன்று உண்டு.

முதலாவது ஓ.இ.எம். எனப்படும் தயாரிப்பாளர் உரிமம். லேப்டாப்போடு வருவது. விலை குறைவு, ஆனால் அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடு முடியும். நினைவகம், வட்டு முதலியவற்றை மாற்றலாம். மதர்போர்டை மாற்றினால் அது வேறு கணினி என்று கணக்கு. பழுதின் காரணமாக உத்தரவாதத்தின் கீழ் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் மட்டும் விலக்கு. தொல்லை வந்தால் உதவி கேட்க வேண்டியதும் கணினி விற்றவரிடம்தான், மைக்ரோசாஃப்டிடம் அல்ல.

இரண்டாவது ரீடெய்ல், அதாவது தனி விற்பனை உரிமம். விலை அதிகம். ஆனால் இது நம்மோடு வரும். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு நம்முடைய புதுக் கணினியில் போட்டுக்கொள்ளலாம். முதலில் வாங்கியவர் நாமாக இருந்தால், நிபந்தனைகளை ஏற்கும் இன்னொருவருக்கும் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினி என்பதுதான் கட்டுப்பாடு.

மூன்றாவது வால்யூம், அலுவலகங்களுக்கான மொத்த உரிமம். இதில் பல அலுவலகங்கள் கவனிக்காத ஒன்று உண்டு: விண்டோஸைப் பொறுத்தவரை மொத்த உரிமம் என்பது மேம்படுத்தும் உரிமம். அடியில் ஏற்கெனவே தகுதியான ஒரு இயங்குதள உரிமம் இருக்க வேண்டும். வெறும் இயந்திரத்தை வாங்கி மொத்த உரிமத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கில் உதைக்கும். இதில் ஒரு முறையில், கணினி 180 நாளுக்குள் அலுவலகத்தின் சர்வரோடு தொடர்புகொண்டு தன் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீட்டில் ஏது சர்வர்? சில நூறு ரூபாய் கீ பற்றிய சந்தேகம் எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. எங்கோ ஒரு அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுத்த கீ பிரித்து விற்கப்படலாம். போலி சர்வர் ஒன்றைக் கணினிக்குள்ளேயே உட்கார வைத்திருக்கலாம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வது போல ஆகும்.

முன்பு இந்த வகை வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது, கீ எண்ணைக் கணினியின் பாகங்களோடு பொருத்திப் பார்க்கும் முறை வந்தது. 2012இல் விண்டோஸ் 8 காலத்திலிருந்து, பெரிய தயாரிப்பாளர்கள் கீ எண்ணை மதர்போர்டிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அடியில் ஒட்டிய சீட்டில் எண்ணைத் தேடிப் பயனில்லை. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு இலவசமாக ஏறினாலும் அடிப்படை உரிமத்தின் வகை மாறாது. ஓ.இ.எம். ஏறினால் ஓ.இ.எம்.தான்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மின்னழுத்தம் ஏறி அவருடைய கணினியின் மதர்போர்டு எரிந்துபோனது. உத்தரவாதக் காலமும் முடிந்திருந்தது. புது போர்டு போட்டதும் விண்டோஸ் உரிமம் இல்லை என்றது. "என்ன தம்பி இது, காசு கொடுத்து வாங்கினவன் நான். போர்டு எரிஞ்சா என் உரிமை எப்படி எரியும்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வாங்கியவர் அவர், ஆனால் உரிமத் தாளின்படி உரிமையை வைத்திருந்தது அந்த போர்டு.

நீதிமன்றங்கள் சொன்னது

இதே கேள்வியை நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2000 ஜூலை 6 அன்று, ஒரு முறை சட்டப்படி சந்தைக்கு விட்ட ஓ.இ.எம். நகலைக் கணினி இல்லாமல் தனியே விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுக்க முடியாது என்றது. அங்கே புறாவைக் கூண்டிலிருந்து பிரிக்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று ஆரக்கிள் வழக்கில், மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு காலவரை இல்லாமல் கொடுத்த உரிமம் விற்பனையே. தன் நகலைப் பயனற்றதாக்கிவிட்டு வேறொருவருக்கு விற்கலாம் என்றது. மொத்த உரிமத்தைக் கூறுபோட்டு விற்க மட்டும் அனுமதிக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் 2008இல் சோனி லேப்டாப் வாங்கி, அதிலிருந்த விண்டோஸ் வேண்டாம், அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். வேண்டுமானால் முழு லேப்டாப்பையும் திருப்பித் தந்து முழுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். வழக்கு நடந்து 2016 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், சேர்த்து விற்பது என்பதாலேயே அது நியாயமற்ற வணிகம் ஆகிவிடாது என்றது.

நம் உச்ச நீதிமன்றம் 2004இல், டாடா கன்சல்டன்சி சர்வீசஸுக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், தட்டில் பதிந்து விற்கும் ஆயத்த மென்பொருள் ஒரு சரக்கே, விற்பனை வரி உண்டு என்றது. 2021 மார்ச்சில் இன்னொரு வரி வழக்கில், நிரலைப் பயன்படுத்துபவர் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி அல்ல, நகலுக்கான விலைதான் என்றது. இரண்டும் வரி பற்றிய தீர்ப்புகள். ஜெர்மனியில் கிடைத்த சலுகையை இங்கே கடைக்காரரிடம் கேட்க அவை உதவா.

வேலி இல்லாத உரிமம்

உரிமம் என்றாலே கட்டுப்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. யூனிக்ஸுக்கு வேலி போட்ட காலத்தில், 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அவர் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம் அதே பதிப்புரிமைச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தது: பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அடுத்த ஆண்டு அந்த உரிமத்துக்குள் வந்தது. பிரெஞ்சு ஜாந்தார்மெரி 2008 முதல் தன் பல்லாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையில் சி-டாக் 'பாஸ்' என்ற லினக்ஸை 2007இல் வெளியிட்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் எல்காட் அரசு அலுவலகங்களில் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தது. எங்கள் தெருப் பெரியவரின் கணினியிலும் கடைசியில் உபுண்டுதான் ஏறியது. மகளோடு பேசுகிறார், செய்தி படிக்கிறார், சீட்டு விளையாடுகிறார். போர்டு இன்னொரு முறை எரிந்தாலும் உரிமை எரியாது.

என்னைக் கேட்டால், முழு லேப்டாப் வாங்கி ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பவருக்கு அதோடு வரும் ஓ.இ.எம். போதும். தனியே வாங்குவது வீண் செலவு. பாகங்களைச் சேர்த்து மேசைக் கணினி கட்டி அவ்வப்போது மாற்றுகிறவருக்கு ரீடெய்ல்தான் கணக்குக்குச் சரி. இணையமும் கடிதமும் படமும் மட்டும் போதும், பழைய இயந்திரம் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்பவர்கள் லினக்ஸை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். வங்கிக்கோ வரிக்கோ விண்டோஸ் நிரல் ஒன்றை நம்பியிருப்பவர்கள் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் கீயை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

உங்களிடம் இப்போது இருப்பது எந்த வகை என்று பேரனிடம் சொல்லிப் பார்க்கலாம். தொடக்கப் பட்டியில் ஆங்கிலத்தில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி-எல்-ஐ என்று தட்டினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஓ.இ.எம்., ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். நீங்கள் வீட்டுக்கென்று வாங்கிய கணினியில் வால்யூம் என்று வந்தால், விற்றவரிடம் எந்த அலுவலகத்தின் பெயரில் என்று கேளுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள், பில்லில் இயங்குதளத்தின் பெயரையும் உரிமத்தின் வகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அந்தப் பில்லை வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.